அந்த நூலைத் தன்னம்பிக்கை அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள்: பதிப்பாளர்களுக்கும் புத்தகத் திருவிழாக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கும், மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்தும் குழுவினருக்கும்,

தென்மாவட்டம் ஒன்றில் நடந்த புத்தகத் திருவிழாவில் என் அக்கா பேரன் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கினான். எட்டாம் வகுப்புப் படிக்கிற பையன். மேடையில் அவன் கையில் கொடுத்த புத்தகக் கட்டில் அடால்ஃப் ஹிட்லரின் தன்வரலாறும் இருந்தது. தமிழ் மொழிபெயர்ப்பு. ஏழைக் குடும்பத்தில் பிறந்து விடாமுயற்சியால் ஒரு நாட்டையே தலைநிமிர வைத்தவரின் கதை, சாதிக்கத் துடிக்கும் இளைஞர்கள் அவசியம் படிக்க வேண்டும் என்று பின்னட்டையில் போட்டிருக்கிறது. ஏழைக் குடும்பம் என்பதே பொய். அவனுடைய அப்பா ஆஸ்திரிய அரசின் சுங்கத்துறை அதிகாரி, ஓய்வூதியம் வாங்கியவர். அதுகூடப் போகட்டும். முன்னுரையும் அடிக்குறிப்பும் இல்லாத அந்தப் புத்தகத்தில், அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள் என்று ஒரு வரியாவது யாராவது சேர்த்திருக்கிறார்களா என்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். இல்லை.

விழாக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். அது ஒரு வரலாற்று ஆவணம், பெரிய பெரிய ஆட்கள் படிக்கிற புத்தகம், கடை போட்டவர்கள் நன்கொடையாகத் தந்ததைப் பரிசில் சேர்த்தோம் என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு என்ன செய்வார்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள். இஸ்ரேலில் ஹைஃபா நகரில், வயதானவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். கேரளத்துப் பெண்களும் ஆந்திரப் பெண்களும் இலங்கைப் பெண்களும் நிறையப் பேர் செய்கிற வேலை. எங்கள் குமரி மாவட்டத்திலிருந்து போனவர்களும் உண்டு. நான் கடைசியாகப் பார்த்துக்கொண்ட அம்மாவை நாங்கள் எல்லோரும் சவ்தா என்று கூப்பிடுவோம், பாட்டி என்று அர்த்தம். அவருடைய இடது முன்கையில் ஏ என்ற எழுத்தும் அதன் பின்னால் ஐந்து இலக்கங்களும் பச்சை குத்தியிருந்தன. தினமும் அந்தக் கைக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியவள் நான். வயதாக ஆக அவர் தோல் சுருங்கியது. எண்கள் கோணலாயின, ஆனால் அழியவில்லை.

சவ்தா பிறந்த ஊர் முங்காச். அவர் பிறந்தபோது அது செக்கோஸ்லோவாக்கியா. 1938-ல் ஹங்கேரி எடுத்துக்கொண்டது, இன்று உக்ரைனில் இருக்கிறது. போருக்கு முன் அந்த ஊரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் யூதர்கள். 1944 மார்ச்சில் ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது. ஏப்ரலில் அந்தப் பகுதி யூதர்களையெல்லாம் செங்கல் சூளைகளிலும் சில தெருக்களிலும் அடைத்தார்கள். மே 15-ல் ரயில்கள் புறப்பட ஆரம்பித்தன. ஜூலை 9-க்குள், அதாவது எட்டு வாரத்துக்குள், ஹங்கேரியிலிருந்து சுமார் 4,37,000 யூதர்களை ஏற்றி அனுப்பினார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ், ஜெர்மனி பிடித்திருந்த போலந்தில் நாஜிகள் நடத்திய கொலை முகாம். அவர்களில் பெரும்பகுதியை வந்து இறங்கிய அன்றே விஷவாயுக் கூடங்களில் கொன்றார்கள். சவ்தாவுக்கு அப்போது பதினைந்து வயது. அவரும் அக்காவும் வேலைக்கென்று பிரித்த வரிசை. அம்மாவும் நான்கு தம்பி தங்கைகளும் சாவுக்கு அனுப்பிய மறு வரிசை. அப்பாவை 1942-லேயே கட்டாய உழைப்புப் படையில் சேர்த்துக் கிழக்குப் போர்முனைக்கு அனுப்பியிருந்தார்கள். எந்த நாளில், எந்த ஊரில் இறந்தார் என்று யாருக்கும் தெரியாது.

இதை நான் எழுதுவது உங்களை அழவைக்க அல்ல. பிழைத்தவர்கள் அதன் பிறகு எழுபது எண்பது ஆண்டுகள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் நம் மொழியில் யாரும் அதிகம் பேசாதது. அதைக் கூட இருந்து பார்த்தவள் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன் சவ்தா மெழுகுவர்த்தி ஏற்றுவார். வழக்கமாக இரண்டு ஏற்றினால் போதும், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை ஏற்றுகிற குடும்பங்களும் உண்டு. சவ்தாவின் வீட்டில் இருந்தது அவரும் நானும்தான். ஆனால் எட்டு ஏற்றுவார். முங்காச் வீட்டில் அம்மா ஏற்றிய எண்ணிக்கை அது: பெற்றோர் இருவர், பிள்ளைகள் ஆறு. ஏற்றி முடித்துக் கண்ணைக் கைகளால் மூடிக்கொண்டு மந்திரம் சொல்வார். மற்றபடி தொழுகைக்கூடம் பக்கம் போக மாட்டார். டிவி போடக் கூடாத ஓய்வுநாளான சனிக்கிழமையும் டிவி பார்ப்பார். அவருடைய அக்காவோ ப்னே ப்ராக் நகரில், தலைமுடி வெளியே தெரியாமல் மூடி, ஒரு சட்டமும் வழுவாமல் வாழ்ந்தார். ஒரே வீட்டில் பிறந்து ஒரே முகாமில் இருந்து ஒரே நாளில் விடுதலையான இரண்டு பேர். ஒருவருக்குக் கடவுள் முன்னைவிட நெருக்கமானார், இன்னொருவருக்கு அவரோடு பேச்சுவார்த்தையே அற்றுப்போனது. இதற்காக அக்காவும் தங்கையும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. யார் சரி என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

இறந்தவருக்காக மகன் சொல்லும் பிரார்த்தனைக்குக் கதீஷ் என்று பெயர். அவர்கள் மரபில் பத்து ஆண்கள் கூடினால்தான் சொல்ல முடியும். அதில் சாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, முழுக்க இறைவனின் புகழ்தான். அம்மாவைச் சாகவிட்டவனைப் புகழ வேண்டுமா என்று சவ்தா கேட்பார். கேட்டுவிட்டு, அக்கா மகனுக்குப் போன் போட்டு, நாளைக்குக் கதீஷ், மறந்துவிடாதே என்று நினைவூட்டுவார். அம்மாவுக்கும் தம்பி தங்கைகளுக்கும் நாள் தெரியும், ஷாவுவோத் பண்டிகைக்கு முந்தின வாரம். ஒரு நாள் முழுக்க எரிகிற கண்ணாடிக் குடுவை விளக்கு அங்கே எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கும். சவ்தா ஐந்து வாங்கிவரச் சொல்வார். அப்பாவுக்கு நாள் தெரியாதே? நம்மூரில் திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருப்பதுபோல, அவர்களுக்கு யூத நாட்காட்டியில் தேவெத் மாதம் பத்தாம் நாள். சாவின் தேதி தெரியாத அத்தனை பேருக்கும் அன்று பொதுவாகக் கதீஷ் சொல்ல வேண்டும் என்று இஸ்ரேலின் தலைமை ரப்பிமார், அதாவது யூத மதகுருக்கள், குறித்துக் கொடுத்த நாள் அது. பல காலமாக விரதம் இருந்துவந்த ஒரு பழைய துக்க நாளோடு இந்தப் புதிய துக்கத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜெருசலேமில் யாத் வஷெம் என்ற நினைவகம் இருக்கிறது, 1953-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைந்தது. கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் நிரப்பித் தரும்படி உறவினர்களையும் ஊர்க்காரர்களையும் கேட்கிறார்கள். பெயர், தாய் தந்தை பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், இறந்த இடம். இப்படியும் ஆவணங்களிலிருந்தும் இதுவரை சுமார் 50 லட்சம் பெயர்களைத் திரட்டியிருக்கிறார்கள். சவ்தா தன் வீட்டாருக்கு மட்டும் நிரப்பவில்லை. தெருவில் எந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட மிஞ்சவில்லையோ அந்தக் குடும்பங்களுக்கும் அவரே நிரப்பினார். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் பெயர் மட்டும் அவருக்கு நினைவு வரவில்லை. கடைசி மாதங்களில், ஹீப்ரு மறந்து ஹங்கேரிய மொழியும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷும் கலந்து பேச ஆரம்பித்த பிறகும், அந்தப் பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தார். பாதி ராத்திரியில் என்னை எழுப்பி ஒரு பெயரைச் சொல்வார். எழுதிக்கொள்வேன். காலையில், அது இல்லை என்பார்.

ஒரு குழந்தையின் பெயருக்கு இவ்வளவு. கொன்றவனின் பெயரையோ நீங்கள் பளபளப்பான அட்டையில் தங்க எழுத்தில் அச்சிட்டுப் பள்ளிப் பையனுக்குப் பரிசாகக் கொடுக்கிறீர்கள்.

சவ்தாவின் மேசையில் ஒரு படத்தொகுப்பு எப்போதும் இருக்கும். அவருடைய வட்டாரத்திலிருந்து வந்த ரயில்கள் பிர்கெனாவில் நின்று, ஆட்களை இறக்கி, வரிசை பிரித்ததை 1944-ல் முகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ். படையினரே புகைப்படம் எடுத்து ஒரு ஆல்பமாக ஒட்டி வைத்திருந்தார்கள். விடுதலையான சமயத்தில் ஜெர்மனியில் இருந்த டோரா முகாமில், எஸ்.எஸ். காவலர்கள் விட்டுப்போன கட்டடத்தில் லிலி யாக்கோப் என்ற இளம்பெண்ணின் கையில் அது அகப்பட்டது. பிரித்துப் பார்த்தால் தன்னுடைய ஊர் ரப்பி, தன் தம்பிகள், தானே. 1980-ல் அவர் அதை யாத் வஷெமுக்குக் கொடுத்தார். அந்த வட்டாரத்தில் பலருக்குத் தங்கள் குடும்பத்தின் முகமென்று எஞ்சியது அந்தப் படங்கள்தான், அதுவும் கொலையாளி எடுத்தது. சவ்தா பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு பெண் முகமாகப் பார்ப்பார். அம்மா அதில் இல்லை. இல்லை என்று தெரிந்தும் பார்ப்பார்.

உங்களுக்கு இன்னொரு விஷயமும் தெரிய வேண்டும், ஏனென்றால் நீங்கள் பதிப்பாளர்கள். போலந்தின் வார்சா நகரில் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ என்ற பகுதியில் அடைபட்டிருந்த இமானுவேல் ரிங்கெல்ப்ளும் என்ற வரலாற்று அறிஞர், பசியிலும் நோயிலும் கிடந்த மக்களிடமிருந்து நாட்குறிப்புகள், கடிதங்கள், ரேஷன் சீட்டுகள், சுவரொட்டிகள், பிள்ளைகளின் கட்டுரைகள் எல்லாவற்றையும் ரகசியமாகச் சேர்த்தார். ஐம்பது அறுபது பேர் கொண்ட குழு. தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து மண்ணுக்குள் புதைத்தார்கள். 1942 ஆகஸ்டில் முதல் பகுதியைப் புதைக்க உதவிய டேவிட் கிராபர் என்ற பத்தொன்பது வயதுப் பையன், உலகத்தை நோக்கிக் கத்த முடியாததை மண்ணில் புதைத்துவிட்டோம் என்று எழுதி அதோடு வைத்தான். 1946-ல் ஒரு பகுதி கிடைத்தது, 1950-ல் இன்னொரு பகுதி கிடைத்தது, மூன்றாவது இன்றுவரை கிடைக்கவில்லை. ரிங்கெல்ப்ளுமை 1944-ல் மனைவி, மகனோடு சேர்த்துக் கொன்றுவிட்டார்கள். எழுத்தின் மேல் இப்படி நம்பிக்கை வைத்தவர்களைப் பற்றித்தான் புத்தகத் தொழிலில் இருக்கும் நீங்கள் முதலில் யோசித்திருக்க வேண்டும். முகாம்களிலிருந்து மீண்டவர்கள் எழுதியவை தமிழிலும் சில வந்திருக்கின்றன. உங்கள் கடைகளில் அவை எந்த மூலையில் இருக்கின்றன, இந்தப் புத்தகம் எந்த மேசையில் இருக்கிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

அவன் வெள்ளைக்காரனின் எதிரி, அதனால் நமக்கு நண்பன் என்ற எண்ணம் நம்மூரில் இன்னும் போகவில்லை. நீங்கள் விற்கும் அதே நூலில் இந்திய விடுதலைப் போராளிகளை அவன் வாய்ச்சவடால்காரர்களாக இகழ்ந்திருக்கிறான். இந்தியா வேறு யாருடைய ஆட்சியிலும் இருப்பதைவிட ஆங்கிலேயர் ஆட்சியில் இருப்பதையே தான் விரும்புவதாகவும் எழுதியிருக்கிறான். 1937 நவம்பரில் அவனைப் பார்க்கப் போன ஹாலிஃபாக்ஸ் பிரபுவிடம், காந்தியைச் சுட்டுவிடுங்கள் என்று அறிவுரை சொன்னான். அந்த ஹாலிஃபாக்ஸ் வேறு யாருமல்ல, காந்தி-இர்வின் ஒப்பந்தத்தின் இர்வின். இதில் ஒரு வரியையாவது பின்னட்டையில் போட்டிருக்கலாம். இன்னொன்று: ஆகாசவாணி காலையில் தொடங்கும்போது வரும் அந்த இசை நம் வீடுகளில் மூன்று தலைமுறைக்குத் தெரியும். அதை அமைத்தவர் என்று சொல்லப்படும் வால்டர் காஃப்மன், நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் ஐரோப்பாவை விட்டு 1934-ல் பம்பாய் வந்த யூதர். நம் காதில் விழுந்தது அவருடைய இசை. நம் பிள்ளைகளின் கையில் கொடுப்பது அவரை ஓடவைத்தவனின் புத்தகம்.

காசாவில் நடந்ததைப் பார்த்துமா இப்படி எழுதுகிறாய் என்று சிலர் கேட்பார்கள், நேரிலும் கேட்டிருக்கிறார்கள். காசாவின் குழந்தைகளுக்காக நானும் அழுதேன். இஸ்ரேல் அரசு செய்வதை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தும் பேசுங்கள், எழுதுங்கள், அந்த நாட்டுக்குள்ளேயே அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் அதற்காக 1944-ல் முங்காச்சிலிருந்து ரயிலேற்றிய கைக்குழந்தையைக் கொன்றவன் நல்லவனாகிவிட மாட்டான். ஒரு கூட்டத்தின் குழந்தைகளுக்காக இரங்க, இன்னொரு கூட்டத்தின் குழந்தைகளைக் கொன்றவனைப் போற்ற வேண்டிய தேவை இல்லை. 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுச் சின்னத்தை இரவோடு இரவாக இடித்தபோது நமக்கு எப்படிக் கொதித்தது? கொல்லப்பட்டவர்களின் நினைவை அவமதிப்பது எப்படி வலிக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சவ்தாவின் பேரன் தத்துவம் படித்தவர். எமில் ஃபேக்கன்ஹைம் என்பவரைப் பற்றி ஒருநாள் பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். 1938-ல் சாக்சன்ஹவுசன் முகாமில் அடைபட்டு, தப்பி, கனடாவில் பேராசிரியரானவர். யூத மரபில் கட்டளைகள் 613. அவர் 614-வதாக ஒன்று சொன்னார்: ஹிட்லருக்கு அவன் செத்த பிறகும் வெற்றி தேடித் தரக்கூடாது. அதனால் யூதர்கள் யூதர்களாகவே வாழ வேண்டும், கொல்லப்பட்டவர்களை நினைக்க வேண்டும், இறைவன்மேலும் உலகத்தின்மேலும் நம்பிக்கையை விட்டுவிடக் கூடாது. சவ்தாவுக்கு அது பிடிக்கவில்லை. "நான் விளக்கேற்றுவது என் அம்மா ஏற்றினாள் என்பதற்காக. அவனை எதிர்ப்பதற்காகக்கூட அவனை என் மேசைக்குக் கூட்டிவர மாட்டேன்" என்றார். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் படுகிறது. பாட்டி அவனைத் தன் வீட்டுக்குள் விடவில்லை. நம் வீட்டுக்குள் அவன் பரிசாக வந்திருக்கிறான்.

தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஜெர்மனியிலேயே அந்த நூல் கிடைக்கிறது. பதிப்புரிமை 2015 முடிவில் காலாவதியானதும், மியூனிக்கில் உள்ள சமகால வரலாற்று ஆய்வு நிறுவனம் 2016 ஜனவரியில் அதை வெளியிட்டது. கிட்டத்தட்ட 2,000 பக்கம், சுமார் 3,500 குறிப்புகள். எந்த இடத்தில் பொய் சொல்கிறான், எந்தக் கருத்தை எங்கிருந்து எடுத்தான், எழுதியதைப் பின்னால் எப்படிச் செய்து காட்டினான் என்று பக்கத்துக்குப் பக்கம் விளக்கம். ஆராய்கிறவர்கள் அப்படித்தான் படிக்க வேண்டும்.

நான் கேட்பவை இவை. பதிப்பாளர்களே, கையிருப்பில் உள்ள பிரதிகளின் பின்னட்டை வாசகத்தை மறைத்து ஒட்டுங்கள், இனி அச்சிடும்போது அதை எடுத்துவிடுங்கள். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரிடம் முன்னுரையும் குறிப்புகளும் எழுதி வாங்கிச் சேருங்கள். இந்த நூலை எழுதியவனின் ஆட்சியில் அறுபது லட்சம் யூதர்களும், அவர்களோடு லட்சக்கணக்கான ரோமா மக்களும், மாற்றுத்திறனாளிகளும், போலந்துக்காரர்களும், சோவியத் கைதிகளும் கொல்லப்பட்டார்கள் என்பது முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதைச் செய்ய முடியாதென்றால் அச்சிடுவதை நிறுத்துங்கள். இந்த நூலில் இதுவரை வந்த லாபத்தில் ஒரு பங்கையாவது, பிழைத்து வந்தவர்களின் நூல் ஒன்றை நல்ல தமிழில் கொண்டுவரச் செலவிடுங்கள்.

கடைக்காரர்களே, தன்னம்பிக்கை, ஆளுமை வளர்ச்சி, வெற்றிக் கதைகள் என்று பலகை மாட்டிய இடங்களிலிருந்து அதை எடுத்து வரலாற்றுப் பிரிவில் வையுங்கள். கொல்லப்பட்டவர்களின் எழுத்தையும் அதன் பக்கத்திலேயே வையுங்கள்.

விழாக் குழுவினரே, பள்ளி மாணவர்களுக்குக் கொடுக்கும் பரிசுப் புத்தகங்களை ஒரு ஆசிரியராவது பிரித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே மேடைக்கு அனுப்புங்கள். நன்கொடையாக வந்தது என்பது காரணமாகாது. இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகளுக்கு அந்த நூல் போனது என்று உங்கள் பரிசுப் பட்டியலில் இருக்கும். அவர்கள் பள்ளிகளுக்கு எழுதி, வேறு புத்தகம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த திருவிழாவின் அறிவிப்பு வருவதற்கு முன், இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்று பொதுவில் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் முதியோர் பராமரிப்புப் பணியாளர் ஒருவர்,
குமரி மாவட்டம்